வயர்ஃபிரேம் வரையும் இலவசக் கருவிகள்: எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது

தளத்தைக் கட்டுவதற்கு முன் அதன் எலும்புக்கூட்டை வரைந்து பார்ப்பது வயர்ஃபிரேம். அந்தப் படங்களைத் தட்டினால் அடுத்த பக்கம் வரும்படி கோத்துப் பார்ப்பது புரோட்டோடைப். இரண்டுக்கும் காசில்லாத கருவிகள் நிறையவே உண்டு. ஆனால் கோலாலம்பூரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கோ, பினாங்கில் ஒரு கோயிலுக்கோ, ஒரு தமிழ்ப்பள்ளிக்கோ தளம் வரைய உட்காரும்போது பாதி வழியில் ஏதோ ஒன்று முரண்டு பிடிக்கிறது. கருவியை மாற்றினால் சரியாகிவிடும் என்று பலர் அடுத்ததற்குத் தாவுகிறார்கள். அதே கோளாறு அங்கேயும் வருகிறது.

புதுக் கருவி எதுவானாலும் முதல் பத்து நிமிடத்தில் மூன்றைச் சோதியுங்கள். உங்கள் சொந்தத் தமிழ் வாசகத்தை ஒட்டினால் எழுத்து ஒழுங்காக நிற்கிறதா? வரைந்ததை வேறு கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா? பார்த்துச் சொல்ல வேண்டியவர் தன் கைப்பேசியில் கணக்கு எதுவும் திறக்காமல் அதைப் பார்க்க முடிகிறதா? இந்த மூன்றும் தேறாத கருவியில் நாற்பது பக்கம் வரைந்தால் நாற்பதும் வீண்.

பெட்டியும் கோடும் மட்டும் போதும் என்றால் எக்ஸ்கலிட்ரா, டிரா.ஐஓ. தட்டினால் நகர வேண்டும் என்றால் ஃபிக்மா, பென்பாட். இணையம் இல்லாத இடத்தில் வேலை செய்ய டிரா.ஐஓவின் கணினிப் பதிப்பு, அல்லது லூனசி. இனி, கோளாறுகள்.

"பட்டியலில் படித்த கருவியில் கணக்கே திறக்க முடியவில்லை"

பட்டியல் பழையது. இன்விஷன் 2024ஆம் ஆண்டு முடிவோடு சேவையை நிறுத்திவிட்டது. அடோபி எக்ஸ்டி இப்போது தனியாக விற்கப்படுவதில்லை. புது வசதிகளும் அதில் சேர்க்கப்படுவதில்லை. 2022இல் ஃபிக்மாவை அடோபி வாங்கப்போவதாக அறிவித்து, 2023 டிசம்பரில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. இடைக்கால ஊகங்களில் எழுதப்பட்ட ஒப்பீடுகள் இன்னும் தேடலில் வருகின்றன. பழைய எக்ஸ்டி கோப்பு கையில் இருந்தால், எக்ஸ்டி நிறுவியுள்ள ஒருவரிடம் கொடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் எஸ்விஜியாக (கோட்டுப் படக் கோப்பு) எடுத்து வாங்குங்கள். அந்த எஸ்விஜியை ஃபிக்மாவும் பென்பாட்டும் ஏற்கும். பக்கங்களுக்கு இடையே இருந்த இணைப்புகள் மட்டும் வராது; அவற்றை மறுபடி கோக்க வேண்டும்.

"தமிழ் எழுத்து கந்தலாகிறது"

நமக்கு அதிக நேரத்தைத் தின்னும் கோளாறு இதுதான். அறிகுறி எப்படித் தெரிகிறது என்பதைப் பொறுத்துக் காரணம் வேறு, மருந்து வேறு.

ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் விசித்திரக் குறிகளும் கலந்து வந்தால், மூல வாசகம் யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லை. கோயில் மலர்கள், பழைய சங்கச் சுற்றறிக்கைகள் பல, டிஸ்கி, பாமினி போன்ற பழைய குறியீடுகளில் தட்டச்சு செய்யப்பட்டவை. வேர்டு கோப்பில் அந்த எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும். வேறெங்கே போனாலும் குலைந்துவிடும். எளிய சோதனை: இரண்டு வரியை நகலெடுத்து உலாவியின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். அங்கேயும் குப்பையாக வந்தால் கருவியின் மேல் குற்றமில்லை. எழுத்துருவின் பெயரைப் பார்த்து, அந்தக் குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் மாற்றியில் போட்டு எடுத்து, பிறகு ஒரு முறை கண்ணால் படியுங்கள். எண்களும் ஆங்கிலச் சொற்களும் கலந்த வரிகள்தான் மாற்றத்தில் சிதையும்.

வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தால், தேர்ந்த எழுத்துருவில் தமிழே இல்லை. ஃபிக்மாவில் முதலில் வந்து நிற்கும் இன்டர் எழுத்துருவில் தமிழ் கிடையாது. ஆனால் அங்கே கட்டம் வருவதற்குப் பதிலாக, கருவி தானாகவே வேறொரு தமிழ் எழுத்துருவை இரவல் வாங்கிக் காட்டிவிடும். அது ஆபத்து. திரையில் தமிழ் அழகாகத் தெரியும், அமைப்பில் மட்டும் இன்டர் என்றே இருக்கும். நிரல் எழுதுபவர் இன்டரைப் போடுவார். தளத்தில் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு தமிழ் தெரியும், வரி உயரமும் மாறும். ஆகவே தமிழ் வாசகத்துக்கு எழுத்துருவை நீங்களே பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேடமரன், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ் எல்லாம் கூகுள் எழுத்துருக்களில் இலவசம். ஃபிக்மாவிலும் பென்பாட்டிலும் நிறுவாமலே கிடைக்கும். எக்ஸ்கலிட்ராவின் கையெழுத்துப் பாணி எழுத்துருவிலும் தமிழ் இல்லை. அங்கே பார்ப்பவர் கணினியில் உள்ள எழுத்துருவே வரும், ஆகவே வரி நீளத்தை அதில் தீர்மானிக்காதீர்கள்.

உங்கள் திரையில் சரியாக இருந்து மற்றவருக்கு மட்டும் "எழுத்துரு இல்லை" என்று வந்தால், கணினியில் மட்டும் உள்ள எழுத்துருவில் வரைந்திருக்கிறீர்கள். ஆப்பிள் கணினிகளில் முன்பே இருக்கும் இணைமதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மலேசியரான முத்து நெடுமாறன் வடிவமைத்தது, படிக்க இதமானது. ஆனால் விண்டோஸில் திறப்பவரிடம் அது இருக்காது. ஃபிக்மாவில் ஆங்கில ஏ எழுத்தும் கேள்விக்குறியும் சேர்ந்த சின்னம் தெரிந்தால் அதைத் தட்டி, மொத்தமாக ஒரு கூகுள் எழுத்துருவுக்கு மாற்றுங்கள். பென்பாட்டில் உரிமம் உள்ள எழுத்துருவைக் குழுவின் ஃபாண்ட்ஸ் பகுதியில் ஏற்றினால் குழுவில் எல்லாருக்கும் தெரியும்.

கொம்பு தனியாகவும் பக்கத்தில் புள்ளிவட்டமும் வந்தால், உயிர்க்குறி எழுத்துக்கு முன்பாகத் தட்டப்பட்டிருக்கிறது அல்லது பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்திருக்கிறீர்கள். பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதே குறைந்த வேலை. நேரடியாகத் தட்டும்போது எழுத்து இரட்டித்தால், குறிப்பேட்டில் தட்டி ஒட்டுங்கள்.

கோயில் தளங்களுக்கு மட்டுமான ஒன்று உண்டு. ஸ்ரீ என்பதை இரண்டு விதமாகக் குறியிடலாம்: ஸ் என்ற எழுத்தில் தொடங்கியும், ஶ் என்ற எழுத்தில் தொடங்கியும். ஶ 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். சிலவற்றில் ஒன்று மட்டும் கூட்டெழுத்தாகும், மற்றது பிரிந்து நிற்கும். பினாங்கு குயின் வீதியில் 1833இல் எழுந்த கோயிலும், கோலாலம்பூர் துன் எச்.எஸ். லீ சாலையில் 1873இல் எழுந்த கோயிலும் ஒரே பெயர் கொண்டவை: ஸ்ரீ மகாமாரியம்மன். பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு ஸ்ரீ போட்டால், தேடல் பெட்டியில் பெயரைத் தட்டுகிறவருக்குப் பாதி பக்கங்கள் அகப்படாது. வயர்ஃபிரேமிலேயே ஒன்றை முடிவு செய்து, கண்டுபிடித்து மாற்றும் வசதியால் எல்லா இடத்திலும் அதையே வையுங்கள். ஸ் வகைதான் பெரும்பாலோர் தட்டுவது, அதுவே பாதுகாப்பு.

எழுத்தின் தலையோ காலோ வெட்டுப்பட்டால், வரி உயரம் ஆங்கிலத்துக்காக 120 விழுக்காடு என வைக்கப்பட்டிருக்கிறது. கீழே இறங்கும் உகரக் குறிக்கும் மேலே வளையும் இகரக் குறிக்கும் இடம் வேண்டும். 150 முதல் 160 வரை வையுங்கள். பத்தியில் வரும் எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது. 12இல் ணவும் னவும் பிரித்தறிய முடியாது. தலைப்புகளுக்கு எழுத்து இடைவெளியைக் கழித்தலில் வைக்கும் பழக்கம் ஆங்கிலத்தில் செல்லும். தமிழில் எழுத்துகள் முட்டிக்கொள்ளும். பூச்சியமாக்குங்கள்.

பட்டனுக்கு வெளியே வாசகம் வழிந்தால், பட்டனை 120 பிக்சல் அகலத்தில் பூட்டியிருப்பீர்கள். மலாயில் "பாயார்" என்பது தமிழில் "கட்டணம் செலுத்துக" ஆகிறது. மூன்று மொழித் தளத்தில் அகலத்தைப் பூட்டவே கூடாது. ஃபிக்மாவில் வாசகத்தைத் தேர்ந்து ஷிஃப்ட்டும் ஏயும் சேர்த்து அழுத்தினால் ஆட்டோ லேஅவுட் வரும். மேலும் கீழும் 12, இருபுறமும் 16 இடைவெளி கொடுங்கள். பட்டன் தானாக நீளும். பென்பாட்டில் இதே வேலையை ஃபிளெக்ஸ் லேஅவுட் செய்யும். எப்போதும் மிக நீளமான தமிழ் வாசகத்தை முதலில் போட்டு வரையுங்கள், மற்ற இரண்டு மொழியும் தாமாக அடங்கும்.

"புதுக் கோப்பு திறக்க விடாமல் காசு கேட்கிறது"

ஃபிக்மாவின் இலவசத் திட்டத்தில் குழுவுக்குள் 3 வடிவமைப்புக் கோப்புகள், ஒவ்வொன்றிலும் 3 பக்கங்கள் (இவை தளத்தின் பக்கங்கள் அல்ல; ஒவ்வொன்றிலும் பல திரைகளை வரையும் வரைதாள்கள்). சொந்த வரைவுகளுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. பழைய பதிப்புகள் 30 நாள் வரை கிடைக்கும். மூன்று நிறைந்ததும் கருவி மாற வேண்டியதில்லை. முடிந்த வேலையை வரைவுகளுக்கு நகர்த்தி இடம் ஒழியுங்கள். ஒரு தளத்துக்கு ஒரு கோப்பு. முகப்புக்கு ஒன்று, உள்பக்கத்துக்கு ஒன்று என்று பிரிக்காதீர்கள். வேறு ஒரு காரணத்துக்காகவும் பிரிக்கக் கூடாது, அது அடுத்த கோளாறில் வருகிறது.

மொழி மாற்றும் பட்டனைத் தட்டினால் முழுத் தளமும் தமிழிலிருந்து மலாய்க்கு மாற வேண்டும் என்று வேரியபிள் மோடுகளை (ஒரே வாசகத்துக்கு மொழிக்கொரு மதிப்பு வைக்கும் வசதி) தேடுகிறவர்களும் இந்தச் சுவரில் முட்டுவார்கள்; அவை கட்டணத் திட்டத்துக்கு உரியவை. காசில்லாத மாற்று: தலைப்பட்டைக்கு மட்டும் மூன்று மொழி வேரியன்ட்கள் (ஒரே உறுப்பின் மாற்று வடிவங்கள்), முக்கியமான இரண்டு பக்கங்களுக்கு மட்டும் மொழிக்கொரு படி. முப்பது பக்கத்தையும் மும்மொழியில் வரைவது வயர்ஃபிரேமின் வேலை அல்ல.

"தட்டினால் நகரவில்லை"

ஃபிக்மாவில் ஒவ்வொரு திரையும் ஃபிரேம் என்ற சட்டத்துக்குள் வரையப்படும். இணைப்புக் கோடு ஒரே வரைதாள் பக்கத்துக்குள் உள்ள, வெளியடுக்கு ஃபிரேம்களுக்கு மட்டுமே போகும். முகப்பை ஒரு பக்கத்திலும் பதிவுப் படிவத்தை இன்னொரு பக்கத்திலும் வைத்தால் கோடு ஒட்டாது. ஒரு ஃபிரேமுக்குள் புதைந்த ஃபிரேமுக்கும் ஒட்டாது. வரிசையாகப் பாருங்கள்:

1. செல்ல வேண்டிய ஃபிரேம் அதே பக்கத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் வெட்டி ஒட்டுங்கள்.
2. அது வேறொன்றின் உள்ளே விழுந்திருக்கிறதா? லேயர் பட்டியலில் இடது ஓரத்துக்கு இழுத்து வெளியே எடுங்கள்.
3. ஓட்டத்தின் தொடக்கப் புள்ளி எங்கே இருக்கிறது? பழைய முகப்பில் மாட்டியிருந்தால் நீங்கள் திருத்தியது காட்சிக்கே வராது.
4. ஒரே பட்டனின் எழுத்தில் ஓர் இணைப்பும் பெட்டியில் இன்னோர் இணைப்பும் இருக்கின்றனவா? பெட்டியில் உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கம் உருளாவிட்டால், உள்ளடக்கம் ஃபிரேமைவிட நீளமாக இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளடக்கம் முழுதும் அடங்கும்படி ஃபிரேமையே நீட்டியிருந்தால் அந்த உட்பகுதி உருள வழியில்லை. ஃபிரேமைக் குறுக்கி, ஓவர்ஃப்ளோவைச் செங்குத்தாக வையுங்கள். மேலே ஒட்டி நிற்க வேண்டிய தலைப்பட்டையும் சேர்ந்து உருண்டால், அது ஏதோ ஒரு குழுவுக்குள் இருக்கிறது. உருளும் ஃபிரேமின் நேரடிப் பிள்ளையாக வெளியே எடுத்து, பொசிஷனை ஃபிக்ஸ்டு ஆக்குங்கள்.

"லிங்க் அனுப்பினேன், கணக்குத் திறக்கச் சொல்கிறதாம்"

கோப்பின் லிங்க்கை அனுப்பியிருப்பீர்கள், அல்லது அனுமதி "அழைக்கப்பட்டவர் மட்டும்" என்று இருக்கும். ஃபிக்மாவில் காட்சி முறைக்கு (பிரசென்ட்) போய், அங்கிருந்து புரோட்டோடைப் லிங்க்கை எடுங்கள். லிங்க் உள்ளவர் யாரும் பார்க்கலாம் என்று மாற்றுங்கள். உலாவியின் மறைசாளரத்தில் (இன்காக்னிட்டோ) நீங்களே ஒரு முறை திறந்து பார்த்த பிறகு வாட்ஸ்அப்பில் போடுங்கள். கோயில் நிர்வாகக் குழுவில் பத்துப் பேருக்கு ஒரு முறை திறக்கவில்லை என்றால் அடுத்த முறை யாரும் தட்டமாட்டார்கள்.

கைப்பேசியில் எழுத்து எறும்பாகத் தெரிந்தால், 1440 பிக்சல் அகல வரைபடத்தைச் சின்னத் திரையில் காட்டுகிறீர்கள். கைப்பேசிக்கு 360 அகலத்தில் தனி ஃபிரேம் வேண்டும். உண்மையில் அதை முதலில் வரைவதே முறை. இங்கே கடைக்கும் கோயிலுக்கும் வருகிறவர்கள் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். தட்டும் இடங்கள் 44க்கு 44க்குக் குறையாமல் இருக்கட்டும்.

"திரை சாம்பலாக நிற்கிறது, அல்லது நகர்த்தினால் திணறுகிறது"

திறந்ததும் வெறும் சாம்பல் என்றால் உலாவியில் வெப்ஜிஎல் (வரைபடங்களைக் காட்டும் தொழில்நுட்பம்) அணைந்திருக்கிறது. குரோம் அமைப்புகளில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷனை இயக்கி, உலாவியை மூடித் திறவுங்கள்.

திணறலுக்குப் பெரும்பாலும் புகைப்படங்களே காரணம். கைப்பேசியில் எடுத்த 4000க்கு 3000 படம் கோப்பாக 4 எம்பிதான். ஆனால் திரையில் காட்ட விரிக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி ஆகிறது. தைப்பூசப் படங்கள் இருபதை அப்படியே இறக்கினால் 960 எம்பி. ஃபிக்மா கோப்புக்கு உலாவியில் உள்ள நினைவக உச்சமோ 2 ஜிபி. 1600 அகலத்துக்குக் குறுக்கி ஏற்றுங்கள். வயர்ஃபிரேமுக்கு அதுகூடத் தேவையில்லை: சாம்பல் பெட்டியில் "தேர்ப் படம், அகலவாக்கு" என்று எழுதினால் போதும். படத்தைப் போட்டுவிட்டால் எல்லாரும் படத்தைப் பற்றியே பேசுவார்கள், மெனு சரியா என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"நேற்று வரைந்தது இன்று இல்லை"

எக்ஸ்கலிட்ரா, கணக்கு இல்லாமல் பயன்படுத்தினால், வரைந்ததை உலாவியின் உள்சேமிப்பில் மட்டுமே வைக்கிறது. வரலாற்றைத் துடைத்தாலோ, மறைசாளரத்தில் வரைந்து மூடினாலோ, நூலகக் கணினியில் வரைந்து வீட்டில் தேடினாலோ கிடைக்காது. திரும்ப மீட்க வழியில்லை. ஒவ்வொரு முறையும் கோப்பாகக் கணினியில் சேமியுங்கள். டிரா.ஐஓவில் தொடங்கும்போதே எங்கே சேமிப்பது என்று கேட்கும். "பிறகு முடிவு செய்கிறேன்" என்பதைத் தட்டாமல் இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

"நிரல் எழுதுபவர் அளவு கேட்கிறார், எடுத்துக்கொடுக்க முடியவில்லை"

ஃபிக்மாவின் டெவ் மோடு (நிரலாளருக்கு அளவுகளைக் காட்டும் பகுதி) காசு கட்டிய பயனருக்கு உரியது. இலவசத்தில், பட்டனின் உயரம், இடைவெளி, நிறக் குறியீடு, எழுத்துருவின் பெயர் ஆகியவற்றை வரைபடத்தின் ஓரத்தில் நீங்களே குறித்து வைப்பது நடைமுறையில் நன்றாகவே வேலை செய்யும். ஒப்படைப்பே முக்கியமான வேலை என்றால் தொடக்கத்திலேயே பென்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். அது திறமூலம், உள்ளே எஸ்விஜி, சிஎஸ்எஸ் என்ற இணையத் தரங்களிலேயே நிற்கிறது, இன்ஸ்பெக்ட் பகுதி எல்லாருக்கும் திறந்திருக்கும். வெளியார் சேவையகத்தில் கோப்பு இருக்கக் கூடாது என்ற நிறுவனங்கள் டாக்கர் கம்போஸ் (சேவைகளை நிறுவி ஓட்டும் கருவி) மூலம் சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். மாற்றாமல் விட்டால் 9001ஆம் போர்ட்டில் திறக்கும்.

எஸ்விஜியாக எடுக்கும்போது எழுத்தைக் கோட்டுருவாக்கும் (எழுத்தை வெறும் வடிவமாக மாற்றும்) தேர்வைக் கவனியுங்கள். கோட்டுருவாக்கினால் எந்தக் கணினியிலும் தமிழ் குலையாது, ஆனால் வாசகத்தைத் திருத்த முடியாது. பார்வைக்கு அனுப்புவது கோட்டுருவில், நிரலாளருக்கு அனுப்புவது எழுத்தாகவே.

"புரோட்டோடைப்பில் எல்லாரும் தலையாட்டினார்கள், தளத்தில் சிக்கினார்கள்"

வரைந்தவர் எல்லாம் சரியாக நடக்கும் பாதையை மட்டுமே வரைந்திருப்பார். படிவத்திலிருந்து தொடங்குங்கள். அயல்நாட்டு வார்ப்புருவை எடுத்தால் பெயருக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நம் மலேசிய அடையாள அட்டைப் பெயரில் குடும்பப்பெயர் இல்லை. ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்) என்று சாய்கோட்டோடு தந்தை பெயர் வரும். ஆகவே ஒரே நீளக் கட்டம் வரைந்து, சாய்கோட்டை ஏற்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் சரிபார்ப்பு நிரல் சாய்கோட்டைத் தவறு என்று திருப்பி அனுப்பும். கைப்பேசி எண் கட்டத்தை 10 இலக்கத்தோடு நிறுத்தாதீர்கள். 011இல் தொடங்கும் எண்கள் 11 இலக்கம். அஞ்சல் குறியீடு 5, அடையாள அட்டை எண் 12.

மாதிரிக்கு யாருடைய உண்மையான அட்டை எண்ணையும் போடாதீர்கள். லிங்க் உள்ளவர் எவரும் பார்க்கும் கோப்பு அது; தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கும் நாட்டில் அடுத்தவர் எண்ணை அப்படித் திறந்து வைக்கக் கூடாது. பன்னிரண்டு பூச்சியங்கள் போதும்.

பணம் கட்டும் இடத்தில் ஒரு பட்டனும் ஒரு நன்றிப் பக்கமும் வரைந்து முடித்துவிடுவார்கள். எஃப்பிஎக்ஸ் (மலேசியாவின் இணைய வங்கிக் கட்டண முறை) வழியில் கட்டுகிறவர் நம் தளத்தை விட்டு வங்கியின் பக்கத்துக்குப் போய்த் திரும்புகிறார். திரும்பும்போது மூன்று நிலைகள்: கட்டியாயிற்று, தோற்றது, இன்னும் தெரியவில்லை. மூன்றாவதை வரையாத தளத்தில் அர்ச்சனைக்குக் கட்டியவர் பதற்றத்தில் மறுபடி கட்டுவார். "பணம் எடுக்கப்பட்டதா என்று வங்கியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம், மீண்டும் கட்ட வேண்டாம்" என்ற திரையும், பதிவு எண்ணும், யாரை அழைப்பது என்பதும் வேண்டும்.

டூயிட்நவ் கியூஆர் (மலேசியாவில் பணம் கட்டப் பிடிக்கும் கட்டக்குறி) வைத்தால் இன்னொன்று. கணினித் திரையில் காட்டும் குறியைக் கைப்பேசியால் பிடிக்கலாம். அதே பக்கத்தைக் கைப்பேசியில் திறந்தவர் தன் திரையைத் தானே எப்படிப் பிடிப்பார்? கைப்பேசி ஃபிரேமில் குறிக்குக் கீழே "படத்தைச் சேமி" என்ற பட்டனும், வங்கிச் செயலியில் படத்தொகுப்பிலிருந்து அதை ஏற்றும்படி ஒரு வரியும் சேருங்கள்.

இதை அலுவலகத்தில் இருப்பவர்களிடம் காட்டிச் சோதிக்காதீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் கடையிலோ கோயில் வாசலிலோ ஐந்து பேரிடம், ஒவ்வொருவராகக் கைப்பேசியைக் கொடுத்து, "சனிக்கிழமை அன்னதானத்துக்கு 50 ரிங்கிட் கட்டுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். விரல் எங்கே தயங்குகிறது என்பதைக் குறித்துக்கொண்டு அன்றே வரைபடத்தைத் திருத்துங்கள்.